எங்க ஊராட்சியில கெடக்கற டயர யாராவது வந்து எண்ணுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்ங்க.

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு போட்டோ பார்த்தேன். மழைக்காலம் வருது, டெங்கு தடுப்பு வேலை தீவிரம்னு போட்டு, கொசு ஒழிப்புக்கு வர்ற அம்மா ஒருத்தங்க ஒரு வீட்டு வாசல்ல தேங்காத் தொட்டிய கவுத்து தண்ணிய கொட்டிட்டு நிக்கறாங்க. நல்ல வேலைதான், வெயில்ல வீடு வீடா ஏறி எறங்கறவங்க, அவங்கள ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா அதே வாரம் எங்க ஊராட்சியில, என் வீட்லருந்து முன்னூறு மீட்டர்கூட இருக்காது, ஒரு காலி நெலத்துல ஆயிரத்துக்குக் கொறயாம பழைய லாரி டயர் மழைத்தண்ணிய ரொப்பிக்கிட்டு கெடக்குது. அத யாரும் கவுக்கல, யாரும் எண்ணக்கூட இல்ல. அதுக்காகத்தான் இந்த லெட்டர எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், முடிஞ்சா அப்படியே போடுங்க.

நான் இருக்கறது நாமக்கல் பக்கத்துல ஒரு ஊராட்சிங்க. இருபத்தஞ்சு வருசமா லாரி தொழில், மொதல்ல டிரைவரா ஓட்டி, பொறவு சொந்தமா வாங்கி, இப்ப ரெண்டு வண்டி ஓடுது, ஒண்ணு பத்து வீல் ஒண்ணு பன்னெண்டு வீல். எங்க ஏரியா எப்படின்னு உங்களுக்கே தெரியும், நாமக்கல்ல கேஸ் டேங்கர், திருச்செங்கோட்டுல போர் போடற ரிக் வண்டி, சங்ககிரில லோடு லாரி, பாடி கட்டற பட்டறை, தேஞ்ச டயருக்கு புது ரப்பர் ஒட்டற ரீட்ரேடிங் கம்பெனி, பஞ்சர் கடைன்னு ஊரே சக்கரத்து மேலதான் நிக்குது. அதனால டயர் பத்தி நான் பேசறது கேள்விப்பட்டு பேசறது இல்ல, அந்தக் குவியல்ல என் வண்டி டயரும் கண்டிப்பா கெடக்கும்.

ஒரு டயர் எப்படி அங்க போய் சேருதுன்னு சொல்றேன். புது டயர் வாங்குனா மொதல்ல முன் சக்கரத்துக்குத்தான் போடுவோம். பட்டன், அதான் ரோட்டத் தொடற மேல் ரப்பர், கொஞ்சம் தேஞ்சதும் பின்னாடி மாத்துவோம், முழுசா தேஞ்சா கழட்டி ரீட்ரேடிங்குக்கு குடுப்போம். கேஸிங், அதான் டயரோட உடம்பு, நல்லா இருந்தா ஒரு தடவ, ரெண்டு தடவகூட பட்டன் ஒட்டி ஓட்டலாம். ஆனா சைடு வெடிச்சிருந்தாலோ உள்ள கம்பி வெளிய வந்துருந்தாலோ ரீட்ரேட் கம்பெனிக்காரர் தட்டிப் பார்த்துட்டு இது ஆவாதுங்கன்னு தள்ளி வெச்சிருவாரு. அந்த நிமிசத்துலருந்து அந்த டயருக்கு யாரும் சொந்தக்காரங்க இல்ல. நாங்க பஞ்சர் கடையிலயே போட்டுட்டு வந்துருவோம். பஞ்சர் கடைக்காரர் நூறு சேர்ந்ததும் டயர் பொறுக்கற வண்டிக்காரருக்கு எடைக்குப் போடுவாரு, அவரு ஏதாவது நெலத்த வாடகைக்குப் பிடிச்சு அங்க கொட்டி வெப்பாரு. வெல வந்தா டயர சூடு பண்ணி எண்ணெய் எடுக்கற பைராலிசிஸ் ஃபேக்டரிக்குப் போவும், வெல வரலைன்னா மாசக்கணக்கா, வருசக்கணக்கா அங்கயே கெடக்கும்.

அந்தக் காலத்துல மிஞ்சுன டயருக்கு கொஞ்சமாச்சும் போக்கிடம் இருந்துச்சு. மாட்டு வண்டிக்கு டயர் சக்கரம், கெணத்துல சேறு அள்ளற கூடை, கொத்தனாருக்கு சாந்துச் சட்டி, டயர் செருப்பு, எங்கப்பாவே டயர் செருப்புதான் போட்டாரு. இப்ப ஓடற வண்டி எத்தன, அதுல தேயற டயர் எத்தன, செருப்பு தெச்சு தீத்துர முடியுமா.

சரி, கெடந்தா கெடக்கட்டும்னு ஏன் விட முடியாதுன்னா, மொத விசயம் கொசு. டயர நீங்க எப்படி வேணா போடுங்க, நிக்க வைங்க, படுக்கப் போடுங்க, சாச்சு வைங்க, எப்படிப் போட்டாலும் ஒரு பக்கம் தண்ணி நிக்கத்தான் செய்யும், அதோட அமைப்பே அப்படி. கறுப்பு ரப்பர் சூட்ட வாங்கி வெச்சுக்கும், உள்ள நெழலா இருக்கும், காத்து அடிக்காது, எல தழ விழுந்து மக்கும், டெங்குவப் பரப்பற ஏடிஸ் கொசுவுக்கு இதவிட வசதியான எடம் நாமளா செஞ்சு குடுத்தாக்கூட அமையாது. அது முட்டைய தண்ணிக்குள்ள போடாது, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல ரப்பர்ல ஒட்டி வெக்கும். தண்ணி காஞ்சு போனாலும் அந்த முட்டை மாசக்கணக்குல சாவாது, அடுத்த மழைல தண்ணி ஏறுனதும் பொரிச்சு ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவாயிரும். அதனாலதான் வெயில் காலத்துல கெடக்கற காஞ்ச டயர்கூட ஆபத்துங்கறேன். நம்ம ஊர்ல டயர் வண்டில ஏறி ஜில்லா விட்டு ஜில்லா போவுதே, அதோட முட்டையும்தான் போவுது. அமெரிக்காவுல டெக்சாஸ்ல 1985ல ஆசியக் கொசு ஒண்ணு திடீர்னு பெருகிருச்சு, எங்கருந்துடா வந்துச்சுன்னு பார்த்தா ஜப்பான்லருந்து எறக்குன பழைய டயரோட கப்பல்ல வந்துருக்கு. கடலத் தாண்டுன முட்டைக்கு நாமக்கல்லுக்கும் கரூருக்கும் நடுவுல இருக்கற தூரம் எம்மாத்திரம்.

2006ல சிக்குன்குனியா வந்தப்ப எங்க தெருவுல நேரா நடந்து போன ஆளு கம்மி, எங்கம்மா அதுக்கப்பறம் ரெண்டு வருசம் முட்டியப் பிடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிப்பாங்க. 2017ல தமிழ்நாட்டுல 23 ஆயிரத்துக்கு மேல டெங்கு, 65 பேரு செத்தாங்க, அதுவும் அரசாங்கக் கணக்கு. ரெண்டு வருசம் முன்னாடி ஐப்பசி மழைல என் தம்பி மகளுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் எறங்கி ஆறு நாள் ஆஸ்பத்திரில வெச்சிருந்தோம். அந்த டயர்லருந்துதான் வந்துச்சுன்னு என்னால நிரூபிக்க முடியாதுங்க. ஆனா இந்தக் கொசு ரொம்ப தூரம் பறக்காது, பொறந்த எடத்துலருந்து சில நூறு மீட்டருக்குள்ளதான் சுத்தும்னு சுகாதாரத் துறை நோட்டீஸ்லயே போட்டிருக்காங்க. அந்த வருசம் எங்க தெருவுலயும் அடுத்த தெருவுலயுமா ஏழு பேருக்கு வந்துச்சு, ரெண்டு தெருவும் அந்தக் காலி நெலத்த சுத்தித்தான் இருக்கு.

அப்பத்தான் நான் மனு எழுத ஆரம்பிச்சேன். மொதல்ல ஊராட்சி ஆபீஸ் போனேன், அங்க பட்டா நெலங்க, தனியார் எடம், நாங்க எப்படி உள்ள போறதுன்னாங்க. சுகாதாரத்துல கேட்டா நாங்க கொசுப்புழுவ கொல்ற அபேட் மருந்து ஊத்தத்தான் முடியும், டயர எடுக்கறது எங்க வேலை இல்லைன்னாங்க, ஊத்தவும் செஞ்சாங்க, பாவம் ரெண்டு பேரு வந்து ஓரத்துல கெடந்த டயருக்கு ஊத்திட்டு நடுவுல போக வழியில்லாம திரும்பிட்டாங்க. மாசுக் கட்டுப்பாட்டுல கேட்டா அது ஃபேக்டரியா இருந்தா எங்ககிட்ட வரும், சும்மா சேர்த்து வெக்கறது உள்ளாட்சி பார்க்கணும்னாங்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல ரெண்டு தடவ மனு குடுத்தேன், ரெண்டு தடவயும் அது சுத்தி சுத்தி திரும்ப ஊராட்சிக்கே வந்துச்சு, பட்டா எடம்ங்கற அதே பதிலோட. மே 1 கிராம சபைல எந்திரிச்சுப் பேசுனேன், தீர்மானத்துல எழுதிக்கிட்டாங்க. இப்ப 2025 ஜனவரி 5ஓட தலைவருங்க பதவிக்காலமும் முடிஞ்சு தனி அலுவலர் கைக்குப் போயிருச்சு, அந்தத் தீர்மானத்த இப்ப நான் யாருகிட்டப் போயி கேக்கறது. இன்னொரு கொடும என்னன்னா 2024ல நாமக்கல்ல சுத்தியிருந்த ஊராட்சிகள சேர்த்து மாநகராட்சி ஆக்குனாங்களே, அந்த எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்க இருக்கறோம், மாநகராட்சிக்குள்ள கெடுபிடி வந்தா அங்க இருக்கற டயரும் கோட்டத் தாண்டி எங்க பக்கந்தான் வரும், ஏற்கனவே வர ஆரம்பிச்சாச்சு.

பட்டா எடம்னா ஒண்ணும் பண்ண முடியாதுங்கறது சரியில்லீங்க. தமிழ்நாட்டுல பொது சுகாதாரச் சட்டம் 1939லயே இருக்கு, ஒருத்தர் எடத்துல கொசு உற்பத்தியாச்சுன்னா நோட்டீஸ் குடுத்து சரி பண்ணச் சொல்லலாம், அவரு பண்ணலைன்னா இவங்களே பண்ணிட்டு செலவ அவருகிட்ட வசூல் பண்ணலாம். 1994 ஊராட்சிகள் சட்டத்துலயும் ஆபத்தான, தொந்தரவான தொழில லைசென்ஸ் இல்லாம ஒரு எடத்துல நடத்தக் கூடாதுன்னு இருக்கு. டயர் குவிச்சு வெக்கறது ஆபத்தான தொழில் இல்லைன்னா வேற எதுதாங்க ஆபத்து? டீக்கடைக்காரர்கிட்ட லைசென்ஸ் எங்கன்னு கேக்கறவங்க ஆயிரம் டயர் வெச்சிருக்கறவர்கிட்ட ஏன் கேக்கறதில்ல.

கொசுவாவது மழைக்குத்தான், தீ எப்ப வேணா வரும். போன பங்குனில அந்தக் குவியல்ல ஒரு மூலைல தீப்பிடிச்சிருச்சு, பக்கத்துல யாரோ சோளத்தட்டுக்கு வெச்ச நெருப்பு காத்துல வந்ததா சொல்றாங்க. முப்பது நாப்பது டயர்தான் எரிஞ்சிருக்கும், அதுக்கே ரெண்டு நாள். டயர் தீய பார்த்தவங்களுக்குத்தான் தெரியும், தண்ணி அடிக்க அடிக்க மேல அணைஞ்ச மாதிரி இருக்கும், உள்ள காத்தும் சூடும் தங்கி மறுபடியும் புடிக்கும், தண்ணி டயரோட வளைவுல வழுக்கி ஓடிருமே தவிர எரியற எடத்துக்குப் போவாது. கடைசில ஜேசிபி கொண்டாந்து மண்ண அள்ளிப் போட்டுத்தான் அமத்துனாங்க, ஜேசிபி வாடகை நாங்க தெருக்காரங்க சேர்ந்து குடுத்தோம். தீயணைப்புக்காரங்க கண்ணெல்லாம் செவந்து இருமிக்கிட்டே நின்னாங்க. டயர்ல ரப்பர் மட்டுமா இருக்கு, கார்பன், கந்தகம், துத்தநாகம், எண்ணெய், எல்லாம் சேர்ந்து எரியுது, பொகைல பென்சீன் மாதிரி புத்துநோய் வர வெக்கறதெல்லாம் இருக்கு. எரிஞ்ச ரப்பர் உருகி எண்ணெயா ஓடி ஓடைப் பக்கம் எறங்குச்சு, அந்தப் பக்கம் இருக்கற கெணத்துல மேல ஒரு படலம் மெதந்துச்சு, அத எறைச்சு விட்டும் ஒரு மாசம் மாடு வாய் வெக்கல. பக்கத்துல கோழிப்பண்ணை இருக்கு, ரெண்டு நாளும் கோழி மெரண்டு தீவனம் எடுக்காம முட்டை கொறஞ்சு போச்சுன்னு பண்ணைக்காரர் என்கிட்ட வந்து அழுவாத கொறயா சொன்னாரு. நாப்பது டயருக்கு இது. மிச்சம் ஆயிரமும் புடிச்சிருந்தா?

புடிச்சா என்ன ஆவும்னு ஒலகத்துல நெறைய ஊரு பார்த்தாச்சுங்க. கனடாவுல ஹேகர்ஸ்வில்னு ஒரு ஊர்ல 1990 பிப்ரவரில ஒண்ணேகால் கோடிக்கு மேல டயர் குவிச்சு வெச்சிருந்த எடத்துல தீ வெச்சுட்டாங்க, 17 நாள் எரிஞ்சது, சுத்தி இருந்த ஜனங்கள வீட்ட விட்டு வெளிய கூட்டிட்டுப் போனாங்க. ஸ்பெயின்ல செசேன்யாவுல 2016ல எரிஞ்சது. கலிபோர்னியாவுல வெஸ்ட்லிங்கற எடத்துல 1999ல டயர் மலை மேல மின்னல் விழுந்து ஒரு மாசத்துக்கு மேல எரிஞ்சது. அதுக்கடுத்த வருசமே அங்க சட்டத்த இறுக்குனாங்க. அங்க இருக்கற முறை எனக்கு ரொம்பப் புடிச்சது, ஏன்னா லாரிக்காரனுக்கு அது சட்டுனு புரியும். 500 டயரோ அதுக்கு மேலயோ ஒரு எடத்துல வெச்சிருந்தா பர்மிட் வேணும். பழைய டயர் பத்தோ அதுக்கு மேலயோ வண்டில ஏத்துனா அந்த வண்டி பதிவு பண்ணியிருக்கணும், எங்க ஏத்துனது எத்தன டயர் எங்க எறக்குனதுன்னு ஒரு சீட்டு கூடவே போவணும். போயி எண்ணிப் பார்க்கற வேலைய அந்தந்த ஊரு நிர்வாகத்துக்கே குடுத்து அதுக்குன்னு காசும் குடுக்கறாங்க. நாங்க ஒரு லோடு முட்டை ஏத்துனாலே பில்லு இல்லாம செக்போஸ்ட் தாண்ட முடியாது, பழைய டயரு மட்டும் எந்தக் காகிதமும் இல்லாம ராத்திரி ராத்திரி எங்க ஊருக்குள்ள வருது.

நம்ம நாட்டுலயும் சட்டம் இல்லாம இல்ல. 2022 ஜூலைல மத்திய அரசு விதி போட்டாங்க, டயர் தயாரிக்கறவங்களும் எறக்குமதி பண்றவங்களும் பழைய டயர திரும்ப மறுசுழற்சி பண்ண வெக்கறதுக்குப் பொறுப்புன்னு. மொத வருசம் 35 சதவீதம், அடுத்து 70, 2024-25லருந்து முழுசா 100. எல்லாம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட போர்ட்டல்ல பதிவு, மறுசுழற்சி பண்றவங்க சர்டிபிகேட் குடுப்பாங்க, டயர் கம்பெனி அத வாங்கிக் கணக்குக் காட்டும். நல்ல விதிதான். ஆனா அதுல மேல டயர் கம்பெனி தெரியுது, கீழ ஃபேக்டரி தெரியுது, நடுவுல இருக்கற பஞ்சர் கடையும் பொறுக்கற வண்டியும் இந்தக் காலி நெலமும் டெல்லில இருக்கற கம்ப்யூட்டருக்கு எப்படிங்க தெரியும்? தெரு வழியா தெனமும் போற சுகாதார ஆய்வாளருக்கும் ஊராட்சி செயலாளருக்கும்தான் தெரியும். அவங்களுக்கு இதுதான் உன் வேலைன்னு யாரும் எழுதிக் குடுக்கல.

பைராலிசிஸ் பத்தியும் ஒரு வார்த்தை. காத்தில்லாம சூடு பண்ணி எண்ணெய், கார்பன், கம்பின்னு பிரிக்கறது, ஒழுங்கா பண்ணா உபயோகமான தொழில்தான். ஆனா 2019ல மத்திய வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்துல குடுத்த கணக்குல 19 மாநிலத்துல 637 யூனிட், அதுல 270 விதிப்படி நடக்கலைன்னு சொன்னாங்க. 2025 ஜனவரில மகாராஷ்டிராவுல வாடாங்கற எடத்துல இந்த மாதிரி ஒரு ஆலை வெடிச்சு ரெண்டு பொம்பளைங்களும் ரெண்டு கொழந்தைங்களும் செத்தாங்க. அந்தக் கொழந்தைங்க அங்க என்ன பண்ணுச்சுன்னா, வேலை செய்யறவங்க குடும்பத்தோட அங்கயேதான் இருக்கறாங்க. எங்க காலி நெலத்துலயும் டயர் எறக்கறதுக்கு வடக்கேருந்து வந்த ஒரு குடும்பம் தகரக் கொட்டாய் போட்டு இருக்கு, கைக்கொழந்தைய டயருக்குள்ள துணி விரிச்சுப் படுக்க வெச்சிருக்கறத நானே பார்த்தேன். தெருவுல ஏழு பேருக்கு டெங்குன்னு சொன்னேனே, அந்தக் கொட்டாயில எத்தன பேருக்குக் காய்ச்சல் வந்துச்சுன்னு யாரும் போயிக் கேக்கல, நானும் அப்ப கேக்கல.

அப்பறம் எரிக்கறது. போகிக்கு சென்னைல டயர் கொளுத்தக் கூடாதுன்னு வருசா வருசம் சொல்றாங்க, 2018 போகி அன்னிக்கு பொகைல ஏர்போர்ட்டுல பிளைட்டே எறங்க முடியாம திருப்பி விட்டாங்க, அதனால அங்க இப்ப மாநகராட்சியே முன்கூட்டி டயர வாங்கிக்குது. எங்க பக்கம் போகிக்கு மட்டுமா, செங்கல் சூளைக்கு, போராட்டத்துக்கு, சுடுகாட்டுல வெறகு பத்தலைன்னாக்கூட டயர்தான். தெறந்த வெளில டயர் எரிக்கக் கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் 2014லயே சொல்லியாச்சு. கைக்கு எட்டற தூரத்துல டயர் சும்மா கெடந்தா ஜனங்க எரிக்கத்தான் செய்வாங்க, குடோன பூட்டி கணக்கு வெச்சாலே பாதி எரிப்பு நின்னுரும்னு நான் நம்பறேன்.

நான் கேக்கறது பெரிய திட்டம் இல்லீங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி எங்க ஊராட்சியிலயும் மாநகராட்சியிலயும் டயர் எங்கெங்க கெடக்குது, எத்தன கெடக்குது, யாரோடதுன்னு ஒரு தடவ நடந்து எண்ணி எழுதட்டும். எண்ணுனதுக்கப்பறம்தான் மத்தது. நூறுக்கு மேல வெச்சிருந்தா கூரை போட்ட எடத்துல வெக்கணும், கூரை முடியலைன்னா தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டணும், லாரித் தார்ப்பாய் எங்ககிட்டயே பழசு நெறைய இருக்கு, நாங்களே தர்றோம். குவியலுக்கும் குவியலுக்கும் நடுவுல தீயணைப்பு வண்டி நொழையற அகலத்துக்கு வழி விடணும், வீடு, பள்ளிக்கூடம், கெணத்துக்குப் பக்கத்துல வெக்கக் கூடாது. வந்த டயர் போன டயருக்கு ஒரு நோட்டு, அத மாசம் ஒரு தடவ ஊராட்சில காட்டட்டும். பதிவு பண்ண ஃபேக்டரிக்கோ சிமெண்ட் ஆலைக்கோ போனதுக்கு சீட்டு இருக்கணும். சிமெண்ட் சூளைல 1400 டிகிரிக்கு மேல எரியறதால டயர் அங்க முழுசா வெந்துரும், கம்பிகூட அதுலயே சேர்ந்துரும், அப்படி எடுத்துக்க அனுமதி வாங்குன ஆலைங்க இருக்கு.

ஒண்ணே ஒண்ணு, இந்த லெட்டரப் பார்த்துட்டு நாளைக்கு காலைல பஞ்சர் கடைக்காரர்கிட்டப் போயி ஃபைன் போட்டுறாதீங்க. அவரு கடை வாசல்ல பத்து டயர் கெடக்கும், அவருக்கு அதப் போட வேற எடம் இல்ல. ஆட்டோவும் டெம்போவும் வர்ற மாதிரி மாநகராட்சி ஒரு கொட்டாய் போட்டு வாரத்துல ஒரு நாள் இங்க கொண்டாந்து போடுங்கன்னா அவரே கொண்டாந்து போட்டுருவாரு, குப்பை வண்டி போற மாதிரி ஒரு வண்டி விட்டா இன்னும் நல்லது. செலவு யாருதுன்னு கேப்பாங்க. டயர் கம்பெனிதான் பொறுப்புன்னு விதியே சொல்லுது, அந்தப் பணத்துல ஒரு பங்கு டயர் சேர்ற ஊருக்கு வரட்டும். லாரி ஓனருங்க எங்க பங்குக்கும் நாங்க தயார், ஒரு டயர் வாங்க ஆயிரக்கணக்குல குடுக்கறோம், அத ஒழுங்கா அனுப்பி வெக்க அம்பது ரூவா சேத்து வாங்குனா யாரும் சண்டைக்கு வர மாட்டோம், நான் எங்க சங்கத்துல பேசிட்டுத்தான் இத எழுதறேன்.

தனி அலுவலர் அய்யா இதப் படிச்சா, காலி நெலம் எதுன்னு நான் கூட வந்து காட்டறேன். வெள்ளிக்கெழமை வண்டி ரெண்டும் லைன்ல இருக்கும், நான் வீட்லதான் இருப்பேன். நேத்து ராத்திரிகூட ஒரு லோடு எறங்கிருக்கு.

இப்படிக்கு,
ஒரு லாரி ஓனர்,
நாமக்கல் மாவட்டம்.